ஒரு வலையில் இரண்டு கோல்கீப்பர்கள்

அன்பும் மரியாதையும் உள்ள ஓல்கா அக்காவுக்கு, தம்பி மைரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டோரீனும் சுகம். வினிபெக்கில் நீயும் அத்தானும் குளிரில் விறைக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

பத்தொன்பது வருஷம் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராக நின்று, வருகிற ரப்பர் வட்டையெல்லாம் நெஞ்சிலும் முட்டியிலும் வாங்கிக்கொண்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். வீட்டோடு கிடந்தால் டோரீனுக்கு என்னைச் சலித்துப்போகுமோ என்று உன்னிடம் போனில் புலம்பினேனே, அந்தப் பயம் தீர்ந்தது அக்கா. ஆனால் தீர்வதற்குள் மானம் கப்பலேறிவிட்டது.

ஆட்ட நாளில் கோல்கீப்பரிடம் யாரும் பேசக் கூடாது என்பது உனக்குத் தெரியும். போன சனிக்கிழமை டோரீன் வழக்கம்போல ஒரு மணிக்கு மக்ரோனியை வைத்தாள், திரையை இழுத்துவிட்டாள், வாயே திறக்கவில்லை. நானும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போய், உடை மாற்றும் அறையில் என் இடத்தில் உட்கார்ந்து, இடது கால் கவசத்தை முதலில் மாட்டினேன். எதிரே ஒருவன் முழுக் கவசத்தோடு என்னையே முறைத்துக்கொண்டு நின்றான். புது கோல்கீப்பர். அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவரும் கோல்கீப்பர்கள் என்பதால் மற்ற இருபது பேரும் எங்களிடம் பேசவில்லை. பயிற்சியாளர் கூரையைப் பார்த்தார். இப்படியே ஐஸில் இறங்கி, ஒரே வலைக்கு முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைசியில் ஐஸைத் துடைக்கும் வண்டி ஓட்டுகிற கிழவர் எல்மர்தான் பொறுக்க மாட்டாமல் கத்தினார்: "யோவ் மைரன், நீ ரிட்டயர் ஆயிட்டய்யா! வீட்டுக்குப் போ!" அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"நீயாவது சொல்லக் கூடாதா டோரீன்?"

"ஆட்ட நாள்ல உங்ககிட்ட எப்படிப் பேசறது? நீங்க போன பிறகுதான் எனக்கே உறைச்சுது. நல்ல கூத்து போங்க!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "நான் வீட்லயே இருக்கறது உனக்குத் தொந்தரவா?"

"பைத்தியமா உங்களுக்கு? எந்த வட்டு உங்க மண்டைய உடைக்குமோன்னு பத்தொன்பது வருஷமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்பதான் நிம்மதியா தூங்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. அன்றிலிருந்து நான்தான் அவளுக்குத் துணை. துண்டு மடிப்பது, பாத்திரம் அடுக்குவது, பெரோகி கொழுக்கட்டைக்கு மாவு பிசைவது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்கிறாள். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். எல்லோரையும் கர்த்தர் காக்கட்டும்.

உன் தம்பி,
மைரன் ஹோலுபெக்

பி.கு.: அண்ணி, நான் டோரீன். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார், அடியில் இதைச் சேர்க்கிறேன். நிம்மதி என்று நான் சொன்னது சத்தியம். அது ஞாயிற்றுக்கிழமை காலை வரை இருந்தது. புது கோல்கீப்பருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். மேலே வட்டு படாத வேலை. பயிற்சியாளரிடம் நானே கெஞ்சி அதை இவருக்கு வாங்கிவிட்டேன், திங்கள் முதல் இவர் தினமும் போக வேண்டும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கே, இவர் பேச்சை நிறுத்தினால்தானே?