சாக்கைக் கழித்துத் தேடுதல்

தன் பெயரைத் தேடிப் பார்த்த சுதாகரனுக்கு முதலில் கிடைத்தது, காலைச் சாக்குக்குள் விட்டு ஓடும் சாக்கோட்டத்தில் குப்புற விழுந்து கிடக்கும் சுதாகரன்தான். போட்டிருந்த களிசானின் பின்பக்கம் கிழிந்திருந்தது. நண்பன் முனாஸ் ஊர்ச் செய்தித் தளத்தில் போட்ட படம்.

ஞாயிற்றுக்கிழமை அளவெட்டியில் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண்ணின் பெயர் நிவேதனா. இந்தக் காலத்தில் மாப்பிள்ளையை இணையத்தில் தேடாமல் யார் பெண் கொடுக்கிறார்கள்?

நல்லவேளை, சுதாகரன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கணினி வகுப்பு நடத்துபவன். இணையத்தில் சரியாகத் தேடுவது எப்படி என்பதுதான் அவனுடைய பெயர்போன பாடம். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டான். பக்கத்தில், வேண்டாத சொல்லை விலக்கும் கழித்தல் குறி போட்டு ‘சாக்கு’ என்று எழுதினான். படம் மறைந்தது.

“பாத்தியே?” என்று தங்கை தனுஷிகாவிடம் காட்டினான்.

“அண்ணை, பொம்பிளை வீட்டுக்காரர் தேடேக்கை சாக்கைக் கழிச்சே தேடப்போகினம்?”

இந்தக் கேள்வியைப் பாடம் நடத்தியவன் கேட்டிருக்க வேண்டும்.

படத்தைக் கீழே தள்ள நல்லதாக ஏதாவது மேலே வர வேண்டும். ‘சுதாகரன்: இணையத் தேடல் நிபுணர்’ என்று தன்னைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதி ஏற்றினான். மறுநாள் அது முதலிடத்தில் வந்திருந்தது. நிபுணரும் சாக்கில் விழுந்தவரும் ஒரே ஆள் என்பதைத் தேடுபொறி சரியாகக் கண்டுபிடித்து, கட்டுரைக்குப் பக்கத்திலேயே சாக்குப் படத்தைப் போட்டிருந்தது.

முனாசுக்கு அழைத்தான். “மச்சான், கும்பிட்டுக் கேக்கிறன், அந்தப் படத்தை எடுத்துவிடு.”

“எடுக்கிறன் எண்டு தளத்திலை போட்டனான் மச்சான். எந்தப் படம் எண்டு சனம் கேட்டுது. அதாலை திரும்ப ஒருக்காப் போட வேண்டியதாப் போச்சு.”

மாலைக்குள் கனடாவிலிருந்து சித்தப்பா நலம் விசாரித்தார்.

இனி நேரில் சொல்வதுதான் மரியாதை என்று சுதாகரனுக்குப் பட்டது. ஞாயிறுக்கு முன்பே பெண்ணின் தகப்பனைக் கண்டு கதைக்க, கைபேசி காட்டிய வழியில் மோட்டார் சைக்கிளில் அளவெட்டிக்குப் போய், ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினான்.

“வாங்கோ தம்பி, இருங்கோ” என்றார் வீட்டுக்காரர். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சாக்கு, களிசான், கழித்தல் குறி, கட்டுரை, ஒன்றையும் விடவில்லை.

“நிபுணர் எண்டு எழுதினது நான்தான் ஐயா. வேறை ஆரும் அப்பிடிச் சொல்லேல்லை. களிசான் கிழிஞ்சதும் உண்மைதான். ஆனா நிவேதனாவை நான் நல்லாப் பாப்பன்.”

வீட்டுக்காரர் சிரிக்காமல் கடைசிவரை கேட்டிருந்தார். அவனுக்குக் கண் கலங்கியது. படத்தைப் பார்த்த பிறகும் இப்படி மதிக்கிற மாமனார் யாருக்குக் கிடைப்பார்?

அவர் மனைவிதான் மெல்லச் சொன்னார்:

“நல்ல பிள்ளையாத்தான் இருக்கிறியள் தம்பி. நிவேதனா வீடு அடுத்த ஒழுங்கை.”