தாய்மாமன் வந்துகொண்டே இருந்தார்

ஒரு காட்டில், அதாவது சுற்றி வேலி போட்டு இன்னும் காடு என்றே அழைக்கப்படுகிற ஓர் இடத்தில், சடையாண்டி என்ற முள்ளம்பன்றி இருந்தது. ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் எடுத்தவர், அதனால் 'இருந்தார்' என்றே சொல்லிவிடுவோம். வழி தவறிய மான்கள் எல்லாம் அவரிடம்தான் வந்து நிற்கும். கேட்ட வாய் மூடுவதற்குள் வழி சொல்லிவிடுவார். 'தெரியாது' என்ற சொல் மட்டும் அந்த நாக்கில் ஏறவே ஏறாது.

அவருடைய தங்கை ஒச்சம்மாள் பெருநகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருப்பதோ ஒரே அண்ணன். அவரும் இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"அண்ணே, 'ஒம் பொறந்த வீட்டுல ஆளே இல்லையா'ன்னு இங்க குத்திக் காட்டுறாக. ராகுகாலம் பொறக்குறதுக்குள்ள வந்துரு. ஏரிக்கரை ஸ்டாப்புல எறங்குனா எதுத்தாப்புலதான் மண்டபம். பஸ் ஸ்டாண்டுக்கு ஒங்க மாப்பிள்ளைய அனுப்பட்டா?" என்று போனில் கேட்டாள்.

"எதுக்குத்தா? காட்டையே கண்ணக் கட்டிக்கிட்டுச் சுத்துனவன் நானு. மாப்பிள்ளைய பந்தியப் பாக்கச் சொல்லு."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நகரப் பேருந்தில் கண்டக்டர் கொக்கு "ஏரிக்கரை எறங்கு" என்று கத்தியதும் சரியாக இறங்கவும் செய்தார். இந்த இடத்திலேயே கதை முடிந்திருக்க வேண்டும். எதிரில் மண்டபம். வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ். அதில் கிரீடம் வைத்த பிள்ளை, பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட சடையாண்டி. ஆனால் அவர் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்துத் தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார். ஏரிக்கரை என்றால் ஏரி இருக்க வேண்டாமா? செல்போன் கடை இருந்தது, மேம்பாலம் இருந்தது, கால் நனைக்கக்கூட ஒரு குட்டை இல்லை.

'வெளியூர்க்காரன் என்று கொக்கு ஏமாற்றிவிட்டது. நானா ஏமாறுவேன்?' என்று நினைத்துக்கொண்டு, வந்த வேலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்தார்.

போனில் வழி காட்டும் வசதி இருப்பதாக யாரோ சொன்ன ஞாபகம் வந்தது. ஏரிக்கரை என்று தட்டிப் பார்த்தார். "திரும்பிச் செல்லவும்" என்று ஒரு பெண் குரல் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சடையாண்டிக்கு மானம் போனது. போனைப் பைக்குள் போட்டு, மேலே துண்டையும் வைத்து அமுக்கினார். பைக்குள்ளிருந்து அந்த அம்மாள் விடாமல் திரும்பிச் செல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். பை நமக்குச் சம்பந்தமில்லாதது என்பதுபோல் அவர் வேறு பக்கம் பார்த்தபடி நடந்தார்.

வேறு வழியில்லாமல் ஆட்டோ ஓட்டுகிற ஓணானிடம் கேட்டார்.

"ஏரிக்கரையா? இன்னா நைனா, அங்கருந்துதான வர்ற! அப்டியே ரிவர்ஸ் அடி."

"அங்கிட்டு ஏரி இல்லையே தம்பி?"

"எங்க தாத்தா காலத்துலயே தூத்துட்டு பில்டிங் கட்டிட்டாங்கபா. ஸ்டாப்பாண்ட போவணும்னா ஏரி இன்னாத்துக்கு?"

ஏரியைத் தூர்த்துவிட்டு அதன் பேரை மட்டும் யாராவது வைத்துக்கொள்வார்களா? ஓணான் கிண்டல் செய்கிறது என்று முடிவு கட்டினார். ஆனாலும் அது பார்த்துக்கொண்டே நின்றதால், மரியாதைக்காகக் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தார். ஆட்டோ கிளம்பியதும் மறுபடி எதிர்த்திசையில் வேகமாகப் போனார்.

அப்போது கழுத்தில் டை கட்டிய முயல் ஒன்று மூச்சு வாங்க ஓடி வந்தது.

"சார், பாத்தா இந்த ஏரியாக்காரர் மாதிரி இருக்கீங்க. இன்டர்வியூவுக்கு லேட் ஆயிடுச்சு. சூரியா டவர்ஸ் எங்க இருக்குன்னு தெரியுமா?"

இந்த ஏரியாக்காரர்! சடையாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தது வந்த வழி ஒன்றுதான். அதையே எடுத்துக் கொடுத்தார்.

"நேரா போங்க. ஒரு மேம்பாலம் வரும், செல்போன் கடை வரும். அதுக்கு எதுத்தாப்புலதான். முள்ளம்பன்றி அண்ணன் அனுப்புனாருன்னு சொல்லுங்க."

முயல் கும்பிட்டுவிட்டு ஓடியது.

கடைசியில் தண்ணீரையும் கண்டுபிடித்தார். கறுப்பாக நுரைத்து ஓடுகிற கால்வாய். கரையில் மண்டபம் இல்லை, குப்பை வண்டிதான் நின்றது. மேளச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. சம்பந்தி வீட்டார் நடுவில் ஒச்சம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாளே என்று நினைத்தார்.

போன் அடித்தது. "அண்ணே, எங்கிட்டு இருக்க?"

'தெரியலைத்தா' என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். "மண்டபத்து வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கேன்" என்று வந்தது.

"வாசல்ல நாந்தான நிக்கிறேன்?"

சடையாண்டி அவசரமாகக் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார்.

"சரி விடுண்ணே," என்றாள் ஒச்சம்மாள். "நீ அனுப்புன முயல் வந்துருச்சு. 'முள்ளம்பன்றி அண்ணன் அனுப்புனாரு'ன்னு வந்து நின்னாரு. ராகுகாலம் வேற நெருங்கிருச்சு, அவர் மடியிலயே ஒக்கார வச்சுட்டோம். காது குத்தி முடிச்சாச்சு."

"முயல் மடியிலயா?"

"பிள்ளை முள்ளு குத்திக் குத்தி அவருக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. எங்க மாமியா அதப் பாத்துட்டு, 'கூடப் பொறந்தவன்கூட இப்பிடி உருக மாட்டான்'னு அவுகளும் அழுதுட்டாக. ஒனக்கு எடுத்த பட்டு வேட்டிய அவருக்கே கட்டிவிட்டாச்சு. மாமனாரு கடையிலேயே வேலையும் போட்டுக் குடுத்துட்டாரு."

சடையாண்டி கால்வாயைப் பார்த்தபடி கேட்டார், "பிள்ளை அழுதுச்சாத்தா?"

"கொஞ்சந்தான். நீ வர்றேன்னு 'மாமா' சொல்லப் பழக்கி வச்சிருந்தேன்ணே. இப்ப அவரப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருக்கு. கழுத்தக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்குது."

நீதி: வழி தெரியாவிட்டாலும், கேட்டவருக்குக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டிய இடத்துக்கு அவராவது போய்ச் சேருவார்.