போர்ட்டிகோப் படலம்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடையின் கோமான்! வாழ்க, திருப்புளி ஏந்திய திண்தோளன்! பழைய வண்டியின் எழிலும் புதிய வண்டியின் விலையும் ஒருங்கே வாய்ந்த தன் மோட்டார்சைக்கிளின் அருகே ஞாயிறுதோறும் குந்தி, கார்புரேட்டரின் திருகாணியைக் கால் சுற்று வலமும் அரைக்கால் சுற்று இடமும் திருப்பி, செவி சாய்த்து, மூச்சு சீராகிவிட்டதென்று மனைவிக்கு அறிவிக்கும் மாவீரன் வாழ்க! வீட்டு முகப்பில் ஒற்றை வண்டிக்கே இடமளிக்கும் போர்ட்டிகோவை மூன்று மழைக்காலங்களாகப் பகையின்றி ஆண்டவனும் அவனே.

பகை மாடியறையில் குடிவந்தது. மனைவியின் தம்பி, கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பூட்டிய புத்தம்புது வண்டியோடு வந்திறங்கி, அந்தக் கூரை நிழலில் பாதி உரிமை கேட்டான். கேட்டதுதான் தாமதம், கொதித்தெழுந்த நம் கோமான் தெருவே கேட்க முழங்கினான்:

"கார்புரேட்டர் பச்சக் குழந்த மாதிரி. ஈரம் பட்டா ஸ்டார்ட் ஆகாது. உன் இன்ஜெக்‌ஷன் எங்க வேணா நனைஞ்சுகிட்டு கிடக்கும்."

மைத்துனன் அசரவில்லை. இரண்டு வண்டியும் ஓரிரவு மழையில் நிற்கட்டும், விடிந்ததும் மாமாவின் வண்டி மட்டும் மக்கர் பண்ணினால் போர்ட்டிகோ மாமாவுக்கே, இல்லாவிட்டால் தனக்கு என்றான். நியாயம்தான் என்று தீர்ப்பளித்தாள் அவன் அக்கா.

ஆகவே, அண்ட சராசரமும் நனையக் கொட்டிய மழைக்கு மறுநாள் காலை, வண்டிக்காரர் எவரும் வேண்டாத வரமொன்றை வேண்டி, தன் வண்டி கிளம்பக்கூடாதென்று குலதெய்வங்களையெல்லாம் துணைக்கழைத்து, கட்டைவிரலால் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொட்டான் நம் நாயகன். தொட்டவுடன் கர்ஜித்தது அந்தக் குலத்துரோகி. அணைத்து மறுபடி தொட்டான், கர்ஜித்தது. வைது பார்த்தான், இன்னும் இனிமையாகக் கர்ஜித்தது. ஊரில் எந்த வண்டியும் தன் எசமானுக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்து இவ்வளவு கெடுதல் செய்ததில்லை.

கார்புரேட்டருக்குள் தண்ணீர் நிச்சயம் இறங்கியிருக்கும், அதையாவது சாட்சி காட்டுவோம் என்று, சினம் தலைக்கேறத் திருப்புளியை உருவி, ஆணிகளைக் களைந்து, மூடியைப் பிளந்தெறிந்தான். உள்ளே கார்புரேட்டருக்குரிய மிதவை இல்லை. பெட்ரோல் பீச்சும் ஜெட் இல்லை. நாலு ஒயரும் ஒரு பிளக்கும் இருந்தன.

மைத்துனன் குனிந்து பார்த்தான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

"மாமா, இது அழகுக்கு வெச்ச மூடி. உள்ள இருக்கிறது இன்ஜெக்‌ஷன்."

"அப்ப நான் வாராவாரம் திருப்புனது?"

"மூடியோட ஸ்க்ரூ, மாமா."

மூன்றாண்டு ஞாயிறுகள் ஒரே நொடியில் பாழாயின. அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. எனினும் வீரர் மரபு தளர விடாது. இருவரும் ஒரே படைக்கலம் தாங்கியோர், ஆதலால் மூத்தவனுக்கே கூரை என்று அவனும், வென்றவனுக்கே என்று மைத்துனனும் மார்தட்டி நிற்க, இன்ஜெக்‌ஷன் எங்கே வேண்டுமானாலும் நனையும் என்று உரைத்த வாய் எதுவென மனைவி அமைதியாக நினைவூட்டினாள்.

இப்போது போர்ட்டிகோவில் துணி காயப்போடுகிறார்கள்.