பர்மா சாரின் மெடல்

திருவண்ணாமலையில் மலையைப் பார்க்காமல்கூட ஒருவர் ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஆனால் பர்மா சார் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பர்மாவைப் பற்றிக் கேட்காமல் யாரும் வெளியே வந்ததில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே அவர் கடை. அவர் வேலூரைத் தாண்டிப் போனதில்லை. பர்மாவுக்குப் போனது அவருடைய தாத்தா கோவிந்தசாமி, உலகப்போரில் சிப்பாய். தாத்தா விட்டுப்போன தகரப்பெட்டிச் சாமான்களை எல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, எது எந்தச் சண்டையில் உபயோகப்பட்டது என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"இந்தத் தகர மக்குல ஒடுக்கு தெரியுதா? ஜப்பான்காரன் சுட்ட குண்டு. தாத்தா டீ குடிச்சிட்டிருந்தாரு. ஒரு சொட்டு சிந்தல!"

சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, "அது நான் மாடிப்படியில போட்டதுங்க" என்றார்.

"அது பக்கத்து ஒடுக்கு" என்றார் பர்மா சார், அசராமல்.

ஒரு பௌர்ணமிக்குத் தாத்தாவின் மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு கிரிவலம் வந்தார். தடுப்புக்கட்டை ஓரம் நின்ற போலீஸ்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து வழிவிட்டார். "இவங்கல்லாம் நம்ம ஆளுங்க" என்று, கூட வந்த கடை வாடிக்கைக்காரர்கள் எங்களையும் உள்ளே விடச் சொன்னார் சார். பெரிய ஜெனரலே அவரிடம் தோற்றுப்போவார்.

அந்த மெடலுக்கும் ஒரு நாள் வந்தது. ஆசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வந்தார். அவருடைய தாத்தாவும் அதே போரில் இருந்தவராம். மெடலைக் கையில் வாங்கியவர், இந்திய சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் விளிம்பில் பெயர் பொறித்திருக்குமே என்றார்.

மெடல் முகப்பில் இருந்த ராஜா தலையைத் தினம் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்த பர்மா சார், விளிம்பு அழுக்கை மட்டும் 'சரித்திரம்' என்று விட்டுவைத்திருந்தார். புளி வைத்துத் தேய்த்தார். நான்தான் செல்போனில் பெரிதாக்கிப் படித்தேன்.

பொன்னுசாமி.



"வெள்ளைக்காரனுக்கு நம்ம பேரு வாயில நுழையாது சார்" என்றார் பர்மா சார். குரலில் தெம்பில்லை.

இரண்டு மூன்று நாள் அலமாரிமேல் துணி போர்த்திக் கிடந்தது. எங்களுக்கு ஜெராக்ஸ் சீக்கிரம் கிடைத்தது, சந்தோஷமாக இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்க அத்தைகிட்ட கேட்டேன் சார். பொன்னுசாமி தாத்தாவோட சிநேகிதராம். ஒண்ணா பட்டாளத்துக்குப் போய் ஒண்ணா திரும்பினவங்க. அவரு சீக்கிரமே தவறிப்போய்ட்டாரு. சம்சாரம் கைக்குழந்தையோட எங்கியோ பொறந்த வீட்டுக்குப் போய்ட்டாங்க. அப்புறமா வந்த இந்த மெடலை, அவங்க வந்தா கொடுக்கணும்னு தாத்தா வச்சிருந்திருக்காரு. தாத்தாவோட மெடலை இந்த அத்தைதான் சின்னதுல வெளாடி கெணத்துல போட்டுட்டாங்க."

விசாரித்து விசாரித்து செங்கம் பக்கம் ஒரு ஊரில் அந்தக் கைக்குழந்தையைக் கண்டுபிடித்திருந்தார். என் வண்டியில் போனோம். நரைத்த தலையோடு கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. அப்பா முகமே தெரியாதாம், போட்டோகூட இல்லை. மெடலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அங்க எங்கப்பா இன்னா பண்ணாருன்னு உங்களுக்கு எதுனா தெரியுமா தம்பி?"

பர்மா சார் என்னைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளத்தில் ஆற்றைக் கடந்தது, அடிபட்டவனைத் தோளில் தூக்கிவந்தது, மழையில் அரிசி நனையாமல் காத்தது என்று இத்தனை வருஷம் கோவிந்தசாமி செய்ததை எல்லாம் பொன்னுசாமி செய்தார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார். இவர் சொன்னார்.

திரும்பும்போது கேட்டேன். "எல்லாத்தையும் குடுத்துட்டீங்களே சார். உங்க தாத்தாவுக்குன்னு இன்னா மிச்சம்?"

"சிநேகிதன் பொருளைச் சாகறவரைக்கும் பத்திரமா வச்சிருந்தாரே, கம்மியா அது?" என்றவர், அங்கிருந்தே தாத்தா கதையைப் புதிதாகத் தொடங்கிவிட்டார்.

ரோடு காலியாகத்தான் இருந்தது. நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.