நாலாவது கால்

புதன்கிழமை காலை கனிசியஸ் தான் கடைந்த புதுக் காலை மேசையின் அடியில் பொருத்திவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று.

அது ஸ்ரெல்லா ரீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நாலு கால்களில் ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அதில்தான் சாப்பிட வேண்டும். அச்சுவேலியில் தச்சு வேலை செய்யும் ஓடாவிமாரில் கரண்டில் ஓடும் கடைசல் மெசின் வைத்திருப்பவர் கனிசியஸ் ஒருவர்தான். "அரை மணித்தியால வேலை ரீச்சர்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மெசின் கடைந்த காலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் சிக்கல். மற்ற மூன்றிலும் ஒரு வளையம் தடிப்பு, ஒரு வளையம் மெல்லிசு, இடுப்பில் ஒரு கோணல். நடுவில் புதுக் கால், கலியாண வீட்டில் யூனிபோர்மோடு நிற்கும் பொலிஸ்காரன் மாதிரி நின்றது.

"பழைய ஆக்கள் கையாலையும் காலாலையும் கடைஞ்சது. அதுதான் உப்பிடி" என்றார் மனைவி மேர்சியிடம்.

"அப்ப மெசினிலை கையைக் கொஞ்சம் ஆட்டிக் கடையுங்கோவன்."

ஆட்டினார். உளி சறுக்கி, மரம் இரண்டாகப் பிளந்தது.

வியாழக்கிழமை மெசினை நிற்பாட்டினார். இரண்டு முளைகளுக்கு நடுவே மரத்தைப் பூட்டி, கயிற்றைச் சுற்றி, நிலத்தில் குந்தினார். மேர்சி கயிற்றை இரு பக்கமும் மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழன்றது. அவர் உளியைக் கையால் பிடித்து, கால்விரல்களால் அணை கொடுத்தார்.

முதல் மரம் கழன்று பறந்து கோழிக்கூட்டின் கதவை உடைத்தது. ஆறு கோழிகளைப் பிடிப்பதிலேயே பின்னேரம் போய்விட்டது. இரண்டாவது மரம் அசையாமல் நின்றது. உளிதான் கால் பெருவிரலுக்கு மேலே ஏறியது.

"என்ரை கையும் பொக்களிச்சுப் போச்சு. விடுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"துணியைச் சுத்து. மற்றக் கால் கிடக்குத்தானே?"

சனிக்கிழமை மத்தியானம், ஐந்தாவது மரத்தில், அது வந்தது. அதே தடிப்பு, அதே மெல்லிசு, அதே கோணல்.

மேசையை ஏற்ற லாண்ட்மாஸ்ரர் வண்டியோடு சூசைதாசன் வந்தான். ரீச்சர் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது எப்போதும் அவன்தான். கனிசியஸ் நொண்டிக்கொண்டே அவனை மேசையடிக்குக் கூட்டிப் போனார்.

"எது புதுசு? சொல்லு பாப்பம்."

சூசைதாசன் குனிந்து நாலையும் தடவினான். "தெரியேல்லை அண்ணை. நாலும் ஒண்டுதான்."

கனிசியஸுக்குக் கண் கலங்கியது. "மெசின் என்னடா மெசின்! இந்த மூண்டையும் காலாலை கடைஞ்ச ஓடாவியார் ஆரெண்டு தெரிஞ்சால் கையெடுத்துக் கும்பிடுவன்."

சூசைதாசன் ஒரு மாதிரி அவரைப் பார்த்தான்.

"கறையான் திண்டதுதான் அண்ணை பழைய ஓடாவியார் காலாலை கடைஞ்சது, இந்த மூண்டும் பழசுகளுக்குப் பதிலா நீங்கள் மெசின் வாங்கின புதுசிலை கை பழகமுன்னம் கடைஞ்சு தந்தது, நான்தானே ஏத்திக்கொண்டு போனன்."