நாற்காலிக்கு வந்த கெட்ட ரத்தம்

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைக்கு எதிரே அந்த வெந்நீர்த் தொட்டி வந்ததிலிருந்து, தொழிலாளர்களுக்கு வாயைக் கட்டும் தொல்லை ஒழிந்தது. ஆறு நாள் பொரித்ததும் வறுத்ததுமாக வெளுத்துக் கட்டலாம். ஏழாம் நாள் உப்பு கரைத்த வெந்நீரில் இரண்டு காலையும் வைத்தால் போதும். தொட்டி வைத்தியர் கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்து, சுவிட்சைத் தட்டுவார். கால்மணி நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும்.

"பாத்தீங்களா? தின்ன கொழுப்பு, கெட்ட ரத்தம், எல்லாம் உள்ளங்கால் வழியா எறங்குது!"

கூட்டம் வாயைப் பிளக்கும். யார் தண்ணீர் அதிகக் கறுப்பு என்று போட்டி வேறு!

மூத்த வெல்டருக்குத் தொட்டிமேல் அபார நம்பிக்கை. அவர் மனைவிக்கோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"ஏங்க, உங்க ரத்தத்தை மெஷின்ல சுத்தவிட்டேன். மேல கொழுப்பு பால் மாதிரி வெள்ளையா நிக்குது. வெள்ளணுவும் கூடிப்போச்சு."

"கூடுனா நல்லதுதானே? நோயோட சண்டை போடுற படையாச்சே!"

"எலும்பு மஜ்ஜையிலதான் அந்தப் படை உண்டாகுது. ஓயாம கொழுப்பா தின்னா, அது தேவையில்லாம ஆளை அனுப்பிக்கிட்டே இருக்கும். எதிரியே இல்லாத படை என்ன பண்ணும்? சொந்த வீட்டைத்தான் ஒடைக்கும். ரத்தக்குழாயெல்லாம் அழற்சி. டாக்டர் இதயத்தைப் பாக்கணும்னு கூப்பிட்டு மூணு வாரமாச்சு. எனக்குப் பயமா இருக்குங்க."

"போடி! நீ கண்ணாடிக் குழாய்ல பாக்குறே. நான் தொட்டியில என் கண்ணாலயே பாக்குறேன்!"

அடுத்த ஏழாம் நாள் அவளும் வரிசையில் நின்றாள்.

"வைத்தியரே, எனக்கு முன்னாடி உங்க நாற்காலிக்குப் பாருங்க."

"வெளையாட்டா? மரத்துக்கு ஏதும்மா ரத்தம்?"

"அப்போ தண்ணி நிறம் மாறாதுல்ல? மாறலைன்னா உங்க பெருமையை நானே ஊரெல்லாம் சொல்றேன்."

"வைங்க வைத்தியரே! உங்க மகிமை இந்தம்மாவுக்கும் தெரியட்டும்!" என்றது கூட்டம். பக்தர்களே கேட்கும்போது பின்வாங்க முடியுமா? வைத்தியர் விழித்தார். வெல்டரே புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பு போட்டு, நாற்காலியின் முன்னங்கால்களை உள்ளே இறக்கி, சுவிட்சைத் தட்டினார்.

கால்மணி நேரம். அதே செம்பழுப்பு.

"நாற்காலி என்னத்தைத் தின்னுச்சு?" என்றது ஒரு குரல்.

"அது... இதுல உக்காந்தவங்களோட கொழுப்பு..." என்று வைத்தியர் இழுத்தார்.

வெல்டர் தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது. தொட்டித் தண்ணீரின் அடிவரை கையை விட்டு, கம்பி கோத்த இரண்டு இரும்புத் தகடுகளை வெளியே எடுத்தார்.

"துரு! உப்புத் தண்ணி, இரும்பு, கரண்ட்டு. முப்பது வருசமா கப்பலடியில இதைத்தானேடா சுரண்டுறேன்!"

அவமானத்தில் தகடுகளைத் தரையில் வீசினார். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் வைத்தியர் செருப்பைக்கூட மாட்டாமல் கம்பி நீட்டிவிட்டார்.

மறுநாள் காலை இதயப் பரிசோதனை அறையின் வாசலில் வெல்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பலடியில் கடுகளவு துரு இருந்தாலும் கண்டுபிடிக்கிற ஆட்கள், தொட்டி நிறையத் துருவில் காலை வைத்துக்கொண்டு புல்லரித்துப் போனார்கள். அய்யா, வேலைக்குப் போகும்போது கழுத்துக்கு மேலே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, வைத்தியரிடம் போகும்போதும் அதைக் கொஞ்சம் எடுத்துப் போங்கள்!