கதவடிச் சொற்பொழிவு

மேடை கிடைக்காத பேச்சாளர்களைக் கடவுள் அப்படியே கைவிட்டுவிடுவதில்லை. யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிள்ளை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறது. கதவடிச் சொற்பொழிவாளர் என்ற ஜீவராசி வெளியே அவதரித்துவிடுகிறது. நீங்கள் பார்த்ததே இல்லையா? அப்படியானால் உங்கள் குடும்பத்தில் எல்லோரும் சௌக்கியம். நன்றாக இருங்கள்.

எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் இதில் கைதேர்ந்தவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பகலெல்லாம் பெல்ட் போட்டுக் கட்டிய ஆட்களுக்குப் பக்கத்து சீட்டிலிருந்து போதித்துப் பழகிவிட்டதால், எதிராளி எழுந்து ஓட முடியாத இடத்தில்தான் அவருக்குப் பேச்சே வரும். அவருடைய தங்கை மகன் படித்து முடித்து, வேலைக்கும் போய், ஒருநாள் மத்தியானமே வீடு திரும்பி அறைக்குள் நுழைந்தவன்தான். மாதக்கணக்காயிற்று, வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதியோடு வெளியே வரும். குளியல்கூட வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான். பெற்றவளுக்கு இருந்த ஒரே ஆசை, அவன் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசவேண்டும். மனநல டாக்டரிடம் போய் அழுதாள். "அவசரப்படுத்தாதீங்கம்மா. அவனாக் கதவத் தொறந்தா, என்ன சொல்றான்னு மட்டும் கேளுங்க" என்றார் டாக்டர்.

"கேக்கறதுக்கு எதுக்கு டாக்டரு? நான் பேசறேன்" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். கதவு தலையாட்டாது என்பதால், அந்த வேலைக்கு மாடிவீட்டுக்காரனான என்னையும் பிடித்து உட்காரவைப்பார். முதலில், டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் கதவை இரண்டு தட்டு. பிறகு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர், தன் பக்கம் திருப்பிய மின்விசிறி. "மாப்ளே, நான் அட்வைஸ் பண்ண வரல" என்று தொடங்கினால், சொம்பு காலியாகாமல் முடியாது. உன் வயசுல நான் யாரு தெரியுமா, எதிர்வீட்டுப் பையன் என்ன சம்பளம் வாங்கறான் தெரியுமா, வெயில்ல நாலு நடை நடந்தா இந்த மனசு கினசெல்லாம் பறந்துடும், உங்கம்மா எப்படி இளைச்சுட்டா பாரு! மூடிய கதவு வழியாக எப்படிப் பார்ப்பான்? அதெல்லாம் கேட்கக் கூடாது. நடுவில் கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார், அந்தப் பதில் பிடிக்காமல், "எதிர்த்துப் பேசாதடா!" என்று சீறுவார். கொட்டாவி இல்லை, இருமல் இல்லை, பாதியில் எழுந்து போகிறவன் இல்லை. எந்தப் பேச்சாளருக்கு வாய்க்கும் இப்படி ஒரு சபை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாழ்க்கைங்கறது கியர் வண்டி மாப்ளே" என்று ஆரம்பித்து மூன்றாவது கியருக்கு வந்திருந்தார். உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. தோள்வரை முடி, வெளுத்த முகம்.

"அம்மா... ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மாமா கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"இருடா, இன்னும் ரெண்டு கியர் பாக்கி இருக்கு. சாத்திக்கோ. மூஞ்சியப் பாத்தா எனக்குக் கோர்வை விட்டுப்போகுது."

பையன் பார்த்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. சாத்திக்கொண்டான்.

"தொறந்தாண்ணா! என்னக் கூப்பிட்டாண்ணா!" என்று அவள் கதறினாள்.

"பாத்தியா நம்ம பேச்சோட மகிமைய! அடுத்த வாரம் முழுசாத் தொறந்துடுவான்."

அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். மாமாவுக்கோ முகம் மலர்ந்தது. நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டார். "இங்க பாரு தங்கச்சி..."

பையனின் அறை அதற்குப்பின் திறக்கவில்லை.

சீச்சீ, இப்படியும் ஒரு மனுஷனா என்கிறீர்கள். நியாயம்தான். நீங்கள் அந்த ரகமே இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, இதை அவன் காதில் விழும்படி கொஞ்சம் உரக்க வாசித்தால் நல்லதாயிற்றே என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதா?

வாங்க மாமா, வாங்க!